ஈஸ்ட்: நொதியா, மதுவமா?

பழைய வண்ணாரப்பேட்டையில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிளஸ் டூ பெண் கேட்டாள்: "சார், ஈஸ்ட்டுக்குத் தமிழ்ல இன்னா? நொதின்னு எழுதலாமா?"

கூடாதும்மா. நொதி என்பது என்சைம், ஒரு புரதம். ஈஸ்ட் உயிருள்ள ஒற்றைச் செல் பூஞ்சை. குழப்பம் வருவது இயல்புதான். என்சைம் என்ற கிரேக்க வழிச் சொல்லுக்கே 'புளிப்புமாவுக்குள் இருப்பது' என்றுதான் பொருள்.

ஈஸ்ட்டுக்குத் தமிழ் மதுவம். ஈழத்துப் பாடநூல்களில் பழகிய சொல்; நம் பாடநூல்கள் ஈஸ்ட் என்றே அச்சிடுகின்றன. 'மது' வருகிறதே என்று சிலர் கூசுவார்கள். தேனுக்கும் மது என்றுதான் பெயர். இனிப்பைத் தின்று வாழும் உயிருக்கு இது பொருத்தமான சொல் என்பேன்.

ஆங்கிலச் சொல்லின் வேருக்குக் கொதித்தல், நுரைத்தல் என்று பொருள். பக்கத்து பேக்கரி மாஸ்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து வைப்பார். பத்து நிமிஷத்தில் கிண்ணத்தின் விளிம்புவரை பழுப்பு நுரை ஏறும். "பொங்கிக்கிச்சு" என்பார். அதே பொருள்தான். அறிவியல் பெயர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. முன்பாதிக்குச் 'சர்க்கரைப் பூஞ்சை' என்று பொருள். அந்தச் 'சாக்கர்' நம் சர்க்கரைக்கு உறவு.

மரபியலில் இதை 'மாதிரி உயிரி' என்கிறோம், அதாவது மற்ற உயிர்களைப் புரிந்துகொள்ள ஆராயப்படும் உயிர். சுமார் 90 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். ஒவ்வொரு மரபணுவும் ஒரே பிரதியாக இருக்கும் நிலையிலும் வாழும். அதனால் ஒன்று பழுதானால் உடனே தெரியும். 16 குரோமோசோம், ஏறத்தாழ 6,000 மரபணு. உட்கரு உள்ள உயிர்களில் முதலில் முழுமையாக வாசிக்கப்பட்டது இதன் மரபணுத்தொகுதிதான், 1996இல்.

'மாதிரி' என்றால் சாம்பிள் மட்டும் இல்லை. "அப்பா மாரியே இருக்கான்" என்கிறோமே, அந்த மாதிரியும்தான். ஈஸ்ட் செல் நம் செல் மாதிரியே இயங்குகிறது என்பதற்குச் சான்று பிளவு ஈஸ்ட் என்ற இன்னொரு வகையில் கிடைத்தது. அதில் சிடிசி2 என்ற மரபணு பழுதானால் செல் நீண்டுகொண்டே போகும், பிரியாது. 1987இல் மெலனி லீ, பால் நர்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் அப்படிப்பட்ட செல்களுக்குள் மனித மரபணுக்களைச் செலுத்திப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று பழுதான மரபணுவின் வேலையை அப்படியே எடுத்துக்கொண்டது. செல்கள் மறுபடி பிரிந்து பெருகின.