சீட்டை மாற்றும் முன், பையை மாட்டும் முன்

சைக்கிள் ஓட்டுபவர்கள் என்னிடம் சிகிச்சைக்கு வந்தால் முழங்கால் வலி, கழுத்து வலி, உள்ளங்கை மரத்துப்போகிறது என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் நானாகக் கேட்டால்தான் அடுத்த விஷயம் வெளியே வரும். ஓட்டும்போது தொடை இடுக்கிலோ பிறப்புறுப்பிலோ மதமதப்பு வருகிறதா என்று கேட்பேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அது எல்லாருக்கும் வர்றதுதானே?" என்பார்கள்.

வரக்கூடாது. அந்த இடத்துக்கு உணர்வைத் தரும் புடெண்டல் நரம்பும் அதனுடன் போகும் ரத்தக்குழாய்களும் இடுப்பெலும்பின் அடிப்பகுதி வழியாகத்தான் வருகின்றன. உடம்பின் எடை எலும்பின் மேல் இறங்கினால் அவற்றுக்குத் தொந்தரவில்லை. இரண்டு எலும்புகளுக்கும் நடுவிலுள்ள மென்மையான சதையின் மேல் இறங்கினால் நசுங்கும். "இறங்கி நடந்தால் சரியாகிவிடுகிறது" என்பது ஆறுதலான செய்தி இல்லை, அடுத்த முறையும் அதே இடம் நசுங்கப்போகிறது என்றுதான் அர்த்தம். இறங்கிய பிறகும் மதமதப்பு நீடித்தாலோ, சிறுநீர் கழிப்பதிலோ விறைப்பிலோ மாற்றம் தெரிந்தாலோ ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அதற்கெல்லாம் சீட்டு மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மதமதப்பு வந்ததும் பலர் செய்யும் முதல் வைத்தியம் ஜெல் உறை மாட்டுவது, அல்லது தடிமனான மெத்தை வைத்த சீட்டாக வாங்குவது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத்தான் சீட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்டைவிரல் அதில் உட்காரப்போவதில்லையே! ரொம்ப மெத்தென்று இருந்தால் எலும்பு முனைகள் உள்ளே புதைந்துபோகும். புதையும்போது நடுவிலுள்ள ஜெல் மேலெழும்பி, எங்கே அழுத்தம் கூடாதோ சரியாக அங்கேயே முட்டும். பத்து நிமிடப் பயணத்துக்கு இது சுகமாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் ஓட்டினால் குணம் தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது அகலம். புட்டத்துக்கு அடியில் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்தால் இருபுறமும் குத்துகிற எலும்பு முனைகள் தெரியும், அவற்றைத்தான் சீட்டு தாங்க வேண்டும். அளப்பது எளிது. அட்டைப்பெட்டியின் நெளி அட்டையில் ஒரு துண்டை வெட்டிக் கெட்டியான ஸ்டூலின் மேல் போட்டு, குதிகாலைச் சற்றுத் தூக்கியபடி, சைக்கிளில் குனிகிற அளவுக்குக் குனிந்து ஒரு நிமிடம் உட்காருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு குழிகள் பதிந்திருக்கும். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை அளந்தால் பெரும்பாலானவர்களுக்கு 100 முதல் 150 மில்லிமீட்டருக்குள் வரும். நன்றாகக் குனிந்து ஓட்டுபவர் அதோடு ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் கூட்டிக்கொண்டால் அதுதான் சீட்டின் அகலம். நிமிர்ந்து உட்காருபவருக்கு இன்னும் அதிகம் தேவை, ஏனென்றால் இடுப்பெலும்பு பின்பக்கம் அகன்றும் முன்பக்கம் குறுகியும் இருக்கிறது. குனியக் குனிய, சீட்டில் படுகிற பகுதி முன்னோக்கி நகர்ந்து குறுகும். பெண்களுக்குச் சராசரியில் இந்த அளவு கூடுதல்தான், ஆனால் சராசரி யாரும் சைக்கிள் ஓட்டுவதில்லை. 'பெண்களுக்கான சீட்டு' என்ற அட்டையை நம்பாமல் அளந்தே வாங்குங்கள்.

நடுவில் பள்ளம் அல்லது திறப்பு வைத்த சீட்டு பலருக்கு நிம்மதி தருகிறது. சிலருக்கு அந்தத் திறப்பின் விளிம்பே உறுத்தும். உட்கார்ந்து ஓட்டிப் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது. தோல் சீட்டு தனி ஜாதி. 1866-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தோல் வேலையில் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனத்தின் பி17 சீட்டு போன்றவற்றில் மெத்தையே கிடையாது. இழுத்துக் கட்டிய தோல், நாளாக ஆக உட்காருபவரின் எலும்புக்கேற்பக் குழிந்துகொடுக்கும். மழையில் ஊறவிடக் கூடாது, அவ்வப்போது மெழுகுப் பூச்சும் வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்வதில்லை.

சரி, சீட்டு வந்துவிட்டது. ரசமட்டத்தை அதன் மேல் வைத்துச் சமமாக மாட்டுங்கள். மதமதப்பு இருந்தால் முன்மூக்கை ஒன்றிரண்டு டிகிரி இறக்கலாம், அதற்குமேல் வேண்டாம். சரிந்த சீட்டில் உடல் முன்னே வழுக்கும், அதைத் தடுக்கக் கைகள் ஊன்றும், மணிக்கட்டு மரத்துப்போகும். கை மரத்துப்போகிறது என்று வருபவரின் சீட்டை நான் முதலில் பார்ப்பது இதனால்தான். உயரத்துக்கு, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கும். அதைவிட உயர்ந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடி, தொடை இடுக்கு உராய்ந்து புண்ணாகும். எல்லாம் சரியானதும் சீட்டுக் கம்பத்தில் ஒரு டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிடுங்கள்.

இவ்வளவும் சரிசெய்து அனுப்பியவர் சில வாரங்களில் அதே வலியோடு திரும்பி வருவதுண்டு. விசாரித்தால் இடையில் ஒரு பை வந்திருக்கும். பை டயரில் இடிக்கிறது என்று சீட்டை உயர்த்தியிருப்பார், அல்லது பையின் கிளாம்புக்கு இடம் போதவில்லை என்று சீட்டுக்கு அடியிலுள்ள இரண்டு கம்பிகளில் (அடிக்கம்பிகள்) சீட்டை முன்னே தள்ளியிருப்பார். அதனால் சீட்டு வாங்கும்போதே எந்தப் பை மாட்டப்போகிறீர்கள் என்பதையும் முடிவுசெய்யச் சொல்கிறேன். சீட்டின் இடம் உடம்புக்காக வைத்தது, அதில் பை கைவைக்கக் கூடாது.

ட்யூபும் ஆலன் கீயும் வைக்கிற சின்னப் பைக்கு ஒரு சோதனை போதும். பையை மாட்டியபின் பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள், தொடையின் உட்பக்கத்தில் உரசினால் அந்தப் பை வேண்டாம். உரசலைத் தவிர்க்க, தன்னையறியாமல் முழங்காலை வெளியே அகட்டி மிதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வதும் முழங்கால் வலிதான். பைக்குள் ட்யூபைத் துணியில் சுற்றி வைக்காவிட்டால் ஆடுகிற கருவிகளே அதை ஓட்டையாக்கிவிடும்.

குறுக்காகத் தொங்கும் பெரிய துணிப் பைகள் வேறு வகை. இங்கிலாந்தின் நெல்சன் ஊரைச் சேர்ந்த காரடைஸ் நிறுவனம் 1932 முதல் இவற்றைத் தைக்கிறது. இரண்டு வார்கள் சீட்டின் பின்னால் உள்ள வளையங்களில் போகும், மூன்றாவது சீட்டுக் கம்பத்தைச் சுற்றிவரும். பி17-ல் அந்த வளையங்கள் உண்டு. இன்றைய பிளாஸ்டிக் அடித்தளச் சீட்டுகள் பெரும்பாலானவற்றில் இல்லை, அடிக்கம்பியில் திருகும் வளையங்களைத் தனியாக வாங்க வேண்டும். கம்பி கார்பனாக இருந்தால் அதில் எதையும் இறுக்குவதற்கு முன் தயாரிப்பாளரின் குறிப்பைப் படியுங்கள். பொத்தான் அழுத்தினால் ஏறி இறங்கும் சீட்டுக் கம்பத்தில், அசையும் பகுதியில் வார் கட்டினால் சீல் கெடும்.

டயருக்கும் பைக்கும் உள்ள இடைவெளியை நீங்கள் ஏறி உட்கார்ந்த நிலையில், பை நிறைந்திருக்கும்போது இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று விரற்கடையாவது வேண்டும். ஸ்பிரிங் சீட்டும் பின் சஸ்பென்ஷனும் அமுங்குவதால் அவற்றுக்கு இன்னும் கூடுதலாக விடுங்கள். குட்டையானவர்களுக்கு இந்த இடைவெளி கிடைக்காது, அவர்கள் பைக்கு அடியில் ஒரு தாங்கி வைத்துக்கொள்வதுதான் வழி. கனமான பொருள்களைச் சீட்டுக் கம்பத்தை ஒட்டி வைத்தால் எழுந்து மிதிக்கும்போது பை வாலாட்டாது. பின்விளக்கு பைக்குப் பின்னால் மறைந்துபோயிருந்தால் அதைக் கழற்றிப் பையின் மேலேயே மாட்டுங்கள். புதுத் தோல் வார் முதல் சில சவாரிகளில் நீளும், ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் ஒரு துளை இறுக்கிப் பார்த்துவிடுங்கள்.