அண்மை அகச்சிவப்பு ஒளி வெட்டுவரைவு: சொல் விளக்கம்

தோலின் மீது பல இடங்களில் கண்ணுக்குப் புலப்படாத ஒளியைச் செலுத்தி, அது திசுக்களுக்குள் சிதறி வெளியேறும் அளவை வேறு பல இடங்களில் பதிவு செய்து, அந்த அளவுகளிலிருந்து உள்ளே எங்கெங்கே எவ்வளவு குருதி இருக்கிறது, அக்குருதியில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதைக் கணித்துப் படமாக்கும் மருத்துவ முறைக்கு ‘நியர் இன்ஃப்ராரெட் ஆப்டிகல் டோமோகிராபி’ என்று பெயர். மூளை, மார்பகம், பச்சிளங்குழந்தையின் தலை ஆகியவற்றை ஆராய்வதற்கே இது பெரிதும் பயன்படுகிறது. இத்தொடரிலுள்ள நான்கு சொற்களில் ‘ஆப்டிகல்’ என்பதற்கு ‘ஒளி’ என்றோ ‘ஒளியியல்’ என்றோ எழுதினால் போதும். மற்றவற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

‘இன்ஃப்ரா’ என்பது ‘கீழே’ என்னும் பொருளுடைய இலத்தீன் முன்னொட்டு. 1800-ஆம் ஆண்டில் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல், கதிரவன் ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது, சிவப்பு முடிந்து கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்திலும் வெப்பநிலை உயர்வதைக் கண்டார். இன்றைய பெயரை அவர் இடவில்லை. அது அந்நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வழக்கிற்கு வந்தது. அதிர்வெண் அளவில் சிவப்புக்குக் கீழே உள்ளது என்பதே அதன் கருத்து. இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் ‘செந்நிறக்கீழ்’ என்னும் சொல் மூலத்தோடு அப்படியே பொருந்துகிறது. தமிழ்நாட்டில் நிலைத்துவிட்ட ‘அகச்சிவப்பு’, ‘புறஊதா’ என்னும் இணை ஓசையழகு உடையதுதான். ஆனால் எதற்கு அகம் என்று கேட்டால் விடை எளிதாகக் கிடைப்பதில்லை. வானவில்லில் சிவப்பு வெளிவிளிம்பில் இருப்பதால், நாம் அகச்சிவப்பு என்று அழைப்பது உண்மையில் வில்லுக்குப் புறத்தேதான் விழும். மருத்துவத்தில் இன்னோர் இடரும் உண்டு: உடலின் அகத்தே செல்வதால்தான் இப்பெயர் வந்தது என்று ஒருவர் கருதிவிடலாம். அவ்வாறிருந்தும், மூன்று தலைமுறை மாணவர்கள் படித்துப் பழகிய சொல்லை இதற்காக மாற்றுவது வீண் வேலை என்பதே என் எண்ணம்.

‘நியர்’ என்பதற்கு ‘அண்மை’ என்று எழுதுகிறோம். கண் காணும் ஒளிக்கு அண்மையில் உள்ள அகச்சிவப்பு என்பது பொருளே தவிர, உடலுக்கு அருகில் வைத்துப் பார்ப்பது என்பதன்று. இந்த அண்மையில்தான் முறையின் உயிர் இருக்கிறது. ஏறத்தாழ 650 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளங்களை ஹீமோகுளோபின் பெருமளவில் உட்கவர்ந்துவிடுகிறது. 950 நானோமீட்டரைத் தாண்டினால் திசுவிலுள்ள நீர் அந்த வேலையைச் செய்கிறது. இவற்றுக்கு இடைப்பட்ட, சாளரம் போன்ற பகுதியில் மட்டும் ஒளி சில சென்டிமீட்டர் ஆழம்வரை செல்கிறது. இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடினால் விரல்களின் ஓரம் சிவந்து ஒளிர்வது, இந்தச் சாளரத்தின் ஓரம் நம் கண்ணுக்கே தெரிவதுதான். இச்சாளரத்துக்குள் ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் 760 நானோமீட்டர் அளவில் கூடுதலாக ஒளியை ஏற்கிறது. ஏறத்தாழ 800 நானோமீட்டரில் இரு வகையும் சமமாகின்றன. அதற்கு மேல் ஆக்சிஜன் ஏற்றிய வகை முந்துகிறது. ஆகவே 760, 850 என்பன போன்ற இரண்டு அலைநீளங்களில் அளந்தால் இரு வகைகளின் அளவையும் தனித்தனியே பிரித்தறியலாம். கொரோனாக் காலத்தில் வீடுதோறும் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டரும் 660, 940 நானோமீட்டர் அளவிலான இரண்டு ஒளிகளைக் கொண்டு இதே வேறுபாட்டைத்தான் படிக்கிறது. ஆனால் அது ஓர் எண்ணைத் தருகிறது, படத்தைத் தருவதில்லை.

இனி ‘டோமோகிராபி’. கிரேக்க மொழியில் ‘டோமோஸ்’ என்றால் வெட்டு அல்லது துண்டு. ‘கிராஃபைன்’ என்றால் எழுதுதல், வரைதல். வெட்ட முடியாதது என்னும் பொருளில் அணுவுக்கு அமைந்த ‘ஆட்டம்’ என்ற பெயரும், உடற்கூற்றியலைக் குறிக்கும் ‘அனாட்டமி’யும் இதே வேரில் பிறந்தவை. கத்தி வைக்காமல் உடலின் ஒரு வெட்டுமுகத்தை வரைந்து காட்டுவது என்ற பொருளில், எக்ஸ் கதிர்ப் படம் எடுப்போர் 1930-களில் இச்சொல்லை ஆளத் தொடங்கினர். 1971-இல் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவி இலண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்த பிறகு இச்சொல் உலகெங்கும் பரவியது. தமிழில் வெட்டு, குறுக்குவெட்டு, வெட்டுமுகம் ஆகியவை வரைபடக் கலையில் முன்னரே வழங்குவதால், ‘வெட்டுவரைவு’ என்பது வலிந்து ஆக்கிய சொல்லாகத் தோன்றவில்லை.

சிக்கல் பொருளில் இருக்கிறது. எக்ஸ் கதிர் உடலைப் பெரும்பாலும் நேர்க்கோட்டில் கடக்கிறது. எனவே பல கோணங்களிலிருந்து எடுத்த நிழல்களைக் கொண்டு வெட்டுமுகத்தை மீட்டெடுக்க முடிகிறது. அகச்சிவப்பு ஒளியோ திசுவுக்குள் நுழைந்து ஒரு மில்லிமீட்டர் அளவு செல்வதற்குள் தான் வந்த திசையையே மறந்துவிடுகிறது. நெற்றியில் 3 சென்டிமீட்டர் இடைவெளியில் ஓர் ஒளிமூலத்தையும் ஓர் உணர்வியையும் வைத்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றை அடையும் ஒளி சராசரியாக அவ்விடைவெளியைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு தொலைவு அலைந்து வருகிறது; அதற்கு ஆகும் நேரம் ஒரு நானோநொடிக்குச் சற்றுக் குறைவு. அது பாதை அன்று, வாழைப்பழ வடிவில் வளைந்த ஒரு நிகழ்தகவு மண்டலம். எனவே ஓர் அளவீட்டைக் கொண்டு ‘இந்தக் கோட்டில் இவ்வளவு’ என்று சொல்ல முடியாது. திசுவின் பண்புகளை முதலில் ஊகித்து, அந்நிலையில் ஒளி எப்படி விரவி வெளியேறும் என்பதை விரவல் சமன்பாட்டால் கணித்து, உண்மையான அளவீட்டோடு ஒப்பிட்டு, ஊகத்தைத் திருத்தித் திருத்திச் செல்கிறார்கள். இதை நேர்மாறுக் கணக்கு என்பர். அளவீட்டில் சிறு பிழை நேர்ந்தாலும் விடை பெரிதும் புரளும் இயல்புடையது இது. அதனால் படத்தின் பிரிதிறன் மில்லிமீட்டருக்கு இறங்காமல் சென்டிமீட்டர் அளவிலேயே நிற்கிறது. இம்முறையில் ‘வெட்டு’ என்பது கதிர் வெட்டிக் காட்டுவதன்று, கணக்கு கட்டி எழுப்புவது. கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகங்களில், நரம்பு வழியாக ஊட்டமாகச் செலுத்தப்படும் இன்ட்ராலிப்பிட் என்னும் வெண்ணிறக் கொழுப்புப் பால்மத்தில் சிறிது மை கலந்து, திசுவுக்குப் பதிலாக வைத்துச் சோதிப்பார்கள். சிதறலுக்குக் கொழுப்பு, உட்கவர்தலுக்கு மை.

ஒளியை ஊடுருவவிட்டு உடலைப் பார்க்கும் எண்ணம் பழையது. 1831-இல் ஆங்கிலேய மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், மூளையில் நீர் கோத்திருந்த ஒருவரின் தலைக்குப் பின்னே மெழுகுவத்தியைப் பிடித்தபோது ஒளி ஊடுருவித் தெரிந்ததைப் பதிவு செய்தார். 1929-இல் அறுவை மருத்துவர் மாக்ஸ் கட்லர் மார்பகக் கட்டிகளை விளக்கொளியால் ஆராய்ந்தார். சிதறலால் உருவங்கள் மங்கிப்போயின. 1977-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரான்ஸ் யோப்சிஸ், மண்டையோட்டைத் திறக்காமலே மூளையின் ஆக்சிஜன் நிலையை அகச்சிவப்பால் கண்காணிக்க முடியும் என்று காட்டியதிலிருந்தே இன்றைய துறை தொடங்குகிறது. பின்னர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக் குழுவினர், பச்சிளங்குழந்தையின் மண்டையோடு மெல்லியது, தலை சிறியது என்பதைப் பயன்படுத்தி, 2000-களின் தொடக்கத்தில் குழந்தைத் தலையின் முப்பரிமாணப் படங்களை உருவாக்கினர். தொட்டிலருகிலேயே வைத்துச் செய்யலாம். எக்ஸ் கதிரின் ஊறும் இல்லை.

பெயரில் இன்னும் ஒரு தெளிவு தேவை. கண் மருத்துவமனைகளில் விழித்திரையைப் பார்க்க எடுக்கும் ‘ஓ.சி.டி.’யும் (ஆப்டிகல் கோஹிரன்ஸ் டோமோகிராபி) ஒளி வெட்டுவரைவுதான்; அதுவும் அகச்சிவப்பைத்தான் பயன்படுத்துகிறது. 1991-இல் அறிவிக்கப்பட்ட அம்முறை பலமுறை சிதறாமல் திரும்பும் ஒளியின் குறுக்கீட்டு விளைவை நம்பியிருப்பதால், மைக்ரோமீட்டர் நுட்பத்தைத் தந்தாலும் ஒளிபுகாத் திசுக்களில் ஓரிரு மில்லிமீட்டரோடு நின்றுவிடுகிறது. நாம் பேசும் முறையோ பலமுறை சிதறிய ஒளியையே நம்பி வாழ்கிறது. ஆங்கிலத்தில் இதனை ‘டிஃப்யூஸ்’ என்னும் அடைமொழியோடு வழங்குவது அதனால்தான். ‘கோஹிரன்ட்’ ஒளிமூலங்களை ஓரியல் மூலங்கள் என்று இயற்பியல் பாடநூல்கள் எழுதுவதைப் பின்பற்றி முன்னதை ‘ஓரியல் ஒளி வெட்டுவரைவு’ என்றும், பின்னதை ‘விரவல் ஒளி வெட்டுவரைவு’ என்றும் எழுதினால் இரண்டும் கலக்காது. அலைநீளத்தைச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘அண்மை அகச்சிவப்பு’ என்பதை முன்னே சேர்த்துக்கொள்ளலாம். எல்லா இடத்திலும் முழுத்தொடரையும் எழுதுவது வாசகருக்குச் சுமையே.

துறை, கருவி, படம் மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பதைத் தவிர்க்க வேண்டும்: செயல்முறைக்கு வெட்டுவரைவு, கருவிக்கு வெட்டுவரைவி, கிடைக்கும் படத்துக்கு வெட்டுவரைபடம். இதே ஒளியைப் பயன்படுத்தி, நெற்றியில் ஒட்டிய ஓரிரு உணர்விகளால் ஆக்சிஜன் அளவின் ஏற்ற இறக்கத்தை மட்டும் காட்டும் முறை அண்மை அகச்சிவப்பு நிறமாலையியல் எனப்படும். உணர்விகள் பெருகி, அவற்றின் மண்டலங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, இடம் சுட்டும் படம் கிடைத்தால்தான் அதனை வெட்டுவரைவு என்று சொல்லலாம்.