லேசிக்குக்குப் பின் கண் ஏன் உலர்கிறது? கருவிழிக்குள் பார்க்கும் நுண்ணோக்கி

பார்வைக் குறையைச் சரிசெய்யக் கருவிழியை லேசரால் செதுக்கும் லேசிக் சிகிச்சை முடிந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். கண்ணாடி இல்லாமலே கடைசி வரி வரை படிக்க முடிகிறது. ஆனாலும் கண்ணில் உறுத்தல், வறட்சி. கருவிழியின் (கண்ணின் முன்புறமுள்ள ஒளிபுகும் படலம், கார்னியா) வளைவை அளக்கும் கருவியில் எல்லாம் சரியாகவே இருக்கும். கோளாறு வளைவில் இல்லை, அறுபட்ட நரம்புகளில் இருக்கிறது.

கருவிழியின் நடுப்பகுதி சுமார் 540 மைக்ரான் தடிமன், அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அதில் மேல் 50 மைக்ரான் எபிதீலியம் என்ற மேற்படலம். அந்தப் படலத்துக்கு நேர் அடியில் நரம்பிழைகள் பின்னிக் கிடக்கின்றன. லேசிக்கில் பெரும்பாலும் 100 முதல் 120 மைக்ரான் ஆழத்தில் ஒரு மடலை வெட்டித் திறந்து, அடியிலுள்ள திசுவை எக்ஸைமர் லேசரால் செதுக்குகிறார்கள். மடல் ஒட்டியிருக்கும் பக்கத்தைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் நரம்புகள் துண்டாகிவிடும். கருவிழியில் உணர்வு குறைந்தால் கண்ணீர் சுரப்பதும் இமைப்பதும் குறையும். வறட்சிக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, உயிருள்ள கண்ணில் இந்த இழைகளை எப்படிப் பார்ப்பது? சாதாரண நுண்ணோக்கியில் எல்லா அடுக்குகளின் ஒளியும் கலந்து படம் மங்கிவிடும். அமெரிக்க விஞ்ஞானி மார்வின் மின்ஸ்கி 1957இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கான்ஃபோகல் முறை இதற்கு வழி செய்தது. ஒளியை ஒரு புள்ளியில் குவித்து, திரும்பும் ஒளியை ஊசித்துளை போன்ற சிறு திறப்பு வழியாக எடுப்பார்கள். குவிந்த புள்ளியிலிருந்து வரும் ஒளி உள்ளே போகும். மேலும் கீழும் இருந்து வருவது பெரும்பாலும் தடுக்கப்படும். புள்ளியை வரிசையாக நகர்த்தினால் ஒற்றை அடுக்கின் படம் கிடைக்கும். அப்புறம் ஆழத்தை மாற்றினால் அடுத்த அடுக்கு.

மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, நுண்ணோக்கியின் முனையிலுள்ள ஜெல் தடவிய மூடியைக் கருவிழியில் மெல்லத் தொட வைப்பார்கள். திரையில் முதலில் நெருக்கமாக அடுக்கிய மேற்படலச் செல்கள். இன்னும் கொஞ்சம் ஆழம் போனால், கரிய பின்னணியில் பளிச்சென்ற நரம்புக் கோடுகள், ஆங்காங்கே மணிகள் கோத்ததுபோல. மடல் வெட்டிய தளத்தில் செல்கள் அருகி, மின்னும் துகள்கள் சிதறிக் கிடக்கும். மேற்பரப்பிலிருந்து அந்தத் துகள்கள் வரையுள்ள ஆழம்தான் மடலின் உண்மையான தடிமன். மடலுக்குக் கீழே மிஞ்சிய திசு குறைந்தது 250 மைக்ரானாவது இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. அதனால் வெட்டு எந்த ஆழத்தில் விழுந்தது என்று தெரிவது வெறும் தகவல் அல்ல, பாதுகாப்பு விஷயம்.

சிகிச்சை முடிந்த முதல் மாதங்களில் பல படங்களில் நரம்புக் கோடே இருக்காது. பிறகு மெல்லிய, வளைந்து நெளிந்த இழைகள் தலைகாட்டும். அடர்த்தி பழைய நிலைக்குத் திரும்பச் சில ஆண்டுகள்கூட ஆகலாம்.

கருவி ஒரு தடவையில் காட்டுவது பொதுவாக 400 மைக்ரான் சதுரம்தான். அதே இடத்தை அடுத்த முறை பிடிப்பது கடினம். நிறையப் படங்கள் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். அதனால்தான் இது எல்லோருக்கும் செய்யும் வழக்கமான சோதனையாகவில்லை. ஏற்கெனவே கண் உலர்ந்தவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும், லேசருக்கு முன்பே நரம்புகளை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்றே எனக்குப் படுகிறது. நீரிழிவில் இந்த நரம்புகள் முன்னதாகவே குறைந்திருக்க வாய்ப்புண்டு.