எட்டாவது வளைவில் நின்றுபோன பேருந்து

திரைக்கதைகளைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் தொழில். சேலத்திலேயே இருப்பதால் உள்ளூர்ப் பிள்ளைகள் நேரில் வந்து கதை சொல்வார்கள். போன வருடம் ஒரு தம்பி சொன்ன ஒன்லைன், அதாவது கதையின் சுருக்கம், என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஏற்காட்டிலிருந்து இறங்கும் கடைசிப் பேருந்து. உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண். ஓட்டுநருக்குப் பார்வை மங்கி வருகிறது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்க இறங்கப் பலகையில் எண் குறையும். கடிகாரமே வேண்டாம், பாதையே நேரம் சொல்லிவிடும்.

எழுதி வந்தது 148 பக்கம். 41ஆம் பக்கத்தில், எட்டாவது வளைவில் பேருந்து நிற்கிறது. ஓட்டுநரின் பழைய காதல், ஒரு பாட்டு, எஸ்டேட் முதலாளியோடு சண்டை என்று 50 பக்கம் ஃபிளாஷ்பேக். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது சினிமாக் கணக்கு. அவ்வளவு நேரமும் வலியில் துடிப்பவளை நாம் மறந்திருக்க வேண்டும். "இன்டர்வெலுக்கு முன்னாடி ஒரு ஃபைட் வேணுங்ண்ணா" என்றார் தம்பி.

இதே ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவு இன்னும் நிற்கிறது. 1950இல் அவர்கள் எடுத்த 'மந்திரிகுமாரி', குண்டலகேசி காப்பியக் கதையிலிருந்து வந்தது. கொல்வதற்காக மலையுச்சிக்குக் கூட்டிப்போன கணவனை மனைவி தள்ளிவிடுகிறாள். ஒன்லைன் இவ்வளவுதான். ஆனால் சாகும் முன் உங்களை மூன்று முறை சுற்றிவந்து வணங்க வேண்டும் என்று அவள் கேட்கிறாளே, திரைக்கதை அங்கே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அவன் முதுகுக்குப் பின்னால் வருகிறாள். நமக்கு மூச்சு முட்டுகிறது.

பலர் முதல் பிரதியோடு படப்பிடிப்புக்குப் போய்விடுகிறார்கள். அங்கே கேமரா வாடகை, பேட்டா, சாப்பாடு என்று தினமும் பணம் கரையும். தாளில் அடித்துத் திருத்தச் செலவே கிடையாது. நிலத்தை அடகு வைத்து எடுத்த படத்துக்கு எடிட்டிங்கில் உட்கார்ந்து கதை தேடியதைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரியும். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

தம்பியிடம் ஒன்றுதான் கேட்டேன்: "ஒவ்வொரு வளைவிலும் யாருக்கு என்ன புதிதாகத் தெரியவருகிறது?"

மூன்றாவது பிரதியில் ஃபிளாஷ்பேக் இல்லை. 17ஆம் வளைவில் ஓட்டுநர் பலகை எண்ணைக் கண்டக்டரிடம் கேட்கிறார். அந்தப் பெண்ணின் மாமியாருக்கு மட்டும் சுருக்கென்று புரிந்துவிடுகிறது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் எழுந்து வந்து முன் சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவும் வருமுன் சத்தமாக எண்ணைச் சொல்ல ஆரம்பிக்கிறார்.