ஒழுகி ஒழுகியே இறுகும் மரப் படகு

இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றின் கரையில் ஹென்லி என்ற ஊர் இருக்கிறது. பழைய மரப் படகுகளுக்கென்றே அங்கே ஜூலையில் ஒரு திருவிழா நடக்கும். 1978-இல் தொடங்கியது. நூறு வயதைத் தாண்டிய நீராவிப் படகுகள், துடுப்புப் படகுகள், இரண்டாம் உலகப் போரின்போது 1940-இல் பிரான்சின் டன்கிர்க் கடற்கரையில் சிக்கிய படைவீரர்களை மீட்கப் போன சிறு படகுகள் என்று உரிமையாளர்கள் மெருகேற்றிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பார்க்க வருபவர்கள் வார்னிஷின் பளபளப்பில் மயங்கி நிற்பார்கள். எனக்கோ, தண்ணீருக்குள் மறைந்திருக்கும் பலகைகள்தான் பெரிய அதிசயம்.

குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் காய்ந்த படகை ஆற்றில் இறக்கினால் முதலில் ஒழுகத்தான் செய்யும். விவரம் தெரிந்த உரிமையாளர் பதற மாட்டார். பம்பை ஓடவிட்டுக் காத்திருப்பார். ஓரிரு நாளில் ஒழுக்கு தானாகவே அடங்கிவிடும்.

காரணம் மரத்தின் செல் சுவரில் இருக்கிறது. அதில் செல்லுலோஸ் நுண்ணிழைகள் பெரும்பாலும் மரத்தின் நீளவாக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. தண்ணீர் இந்த இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பக்கவாட்டில் விலக்குகிறது. அதனால் பலகை அகலத்தில் உப்பும். நீளத்தில் மாற்றம் மிகச் சொற்பம். மழைக்காலத்தில் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதும் இதனால்தான். 15 சென்டிமீட்டர் அகலமுள்ள காய்ந்த மஹோகனிப் பலகை நன்றாக ஊறினால் சுமார் 3 மில்லிமீட்டர் விரியும். பக்கத்துப் பலகையும் விரியும். இரண்டும் முட்டிக்கொள்ள, இடுக்கு மூடிக்கொள்ளும். ஈரப்பதம் ஏறக்குறைய 30 சதவீதத்தைத் தொட்டதும் செல் சுவர் நிறைந்துவிடும். அதற்குமேல் வரும் தண்ணீர் செல்லின் உட்குழியில் தங்குமே தவிர, மரம் மேலும் உப்பாது.

பலகைகளை விளிம்போடு விளிம்பாகச் சேர்த்த படகில், இடுக்குகளில் பஞ்சுத் திரியை அடித்துத் திணித்து மேலே மக்கு (புட்டி) பூசுவார்கள். தேம்ஸின் துடுப்புப் படகுகளில் வேறு முறை: ஒரு பலகையின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறி நிற்கும், செம்பு ஆணியால் இரண்டையும் சேர்த்து இறுக்கியிருப்பார்கள். அங்கே பஞ்சு கிடையாது. ஊறிய மரமே ஒன்றையொன்று அழுத்தி அடைத்துக்கொள்ளும்.

ஆனால் இந்த விசை பொல்லாதது. காய்ந்த இடுக்கில் பஞ்சை அளவுக்கு மீறித் திணித்துவிட்டால், பலகைகள் விரிய இடமில்லாமல் ஆணியைப் பிடுங்கும், உள்ளே இருக்கும் விலாக் கட்டைகளைக்கூட முறிக்கும். இன்னொரு சேதம் கண்ணுக்கே தெரியாது. விரிய வழியின்றி நெருக்கப்பட்ட செல்கள் நசுங்கிவிடும். அப்படி நசுங்கிய பலகை அடுத்த முறை காயும்போது பழைய அகலத்தைவிடக் குறுகும், இடுக்கும் பெரிதாகும். திரும்பத் திரும்பக் காயவிட்டு நனைத்தால் படகின் ஆயுள் தேயும். வெயிலில் டிரெய்லர் மேல் நிற்கும் படகுக்குள் ஈரச் சாக்கை விரித்து வைப்பது இதற்காகத்தான்.

சரி, எந்நேரமும் தண்ணீரில் கிடந்தால் மரம் உளுத்துப் போகாதா? உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். முழுக்க மூழ்கி ஊறிய பலகையில் காற்றுக்கு வழி குறைவு. ஆபத்து மேல்தளத்தில்தான், மழைநீர் தேங்கும் மூட்டுகளில். அதனால் பழைய படகை வாங்கப் போகிறவர் அடிப்பலகையோடு நிறுத்தாமல், மேல்தள மூட்டுகளையும் கூர்மையான கம்பியால் குத்திப் பார்ப்பது நல்லது. கம்பி மெத்தென்று இறங்கினால் அந்த இடம் உளுத்திருக்கிறது.