பிரேக் பிடித்த வண்டியும் ஒரு முக்கோணமும்

பிளஸ் ஒன் இயற்பியலில் இயக்கவியல் வந்தாலே பிள்ளைகள் சமன்பாடுகளை மனப்பாடம் செய்துகொண்டு கணக்குக்குள் குதித்துவிடுகிறார்கள். கடலூரில் டியூஷன் எடுக்கிறவன் சொல்கிறேன், அந்த அவசரம் வேண்டாம், முதலில் திசைவேகம்-காலம் வரைபடத்தைப் போடுங்கள்: கிடை அச்சில் காலம், செங்குத்து அச்சில் திசைவேகம், அதாவது திசையோடு சேர்த்த வேகம்.

கோடு கீழே இறங்கினால் "வண்டி திரும்பி வருது சார்" என்று பாதி வகுப்பு சொல்லும். இல்லை, வேகம் குறைகிறது, அவ்வளவுதான். கால அச்சைத் தாண்டிக் கீழே போனால்தான் வண்டி திரும்புகிறது. கோடு நேராக இருந்தால் முடுக்கம், அதாவது திசைவேகம் மாறுகிற வீதம், சீரானது. அதன் சாய்வு முடுக்கம், கோட்டுக்கும் கால அச்சுக்கும் நடுவில் உள்ள பரப்பு போன தூரம். (மேலே எறிந்த பந்துக்கு உச்சியில் முடுக்கம் பூஜ்யம் என்று எழுதுகிறவர்கள் அந்த இடத்தில் கோட்டின் சாய்வைப் பார்த்தாலே போதும், அது மாறியே இருக்காது.)

சரி, நம்ம புதுச்சேரி ரோட்டுக்கு வருவோம். முள்ளோடை பக்கம் ஒரு பைக் மணிக்கு 36 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 10 மீட்டரில் போகிறது. பிரேக் பிடித்தால் ஒவ்வொரு நொடியும் வேகம் 5 மீட்டர் குறைவதாக வைத்துக்கொள்வோம். 2 நொடியில் நிற்கும். இறங்குகிற கோடு இரண்டு அச்சுகளோடும் சேர்ந்து ஒரு முக்கோணம் ஆகும், அதன் பரப்பு 10 மீட்டர். அதே பைக் 72-இல் போனால் நிற்க 4 நொடி. முக்கோணத்தின் உயரமும் இரட்டிப்பு, அடியும் இரட்டிப்பு, பரப்பு 40 மீட்டர். ஸ்பீடு ரெண்டு மடங்கானால் தூரமும் ரெண்டு மடங்குதானே என்று நினைக்கிற பெரியவர்களே நிறைய. இதில் ஆளைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போகிற ஒரு நொடியையும் சேருங்கள், அது முக்கோணத்துக்கு முன்னால் ஒரு செவ்வகம், 72-இல் இன்னொரு 20 மீட்டர்.

எனக்கு இதில் பயமாகத் தெரிகிற இடம் வேறு. பெரிய முக்கோணத்தில் முதல் 2 நொடியை மட்டும் வெட்டிப் பாருங்கள், பரப்பு 30 மீட்டர், வேகமோ பாதிதான் குறைந்திருக்கிறது. பிரேக் பிடித்த இடத்திலிருந்து 30 மீட்டரில் ஒருவர் ரோட்டைக் கடந்தால், முழு பிரேக்கிலும் அவர் மேல் மோதுவது 36 கிலோமீட்டர் வேகத்தில்.

மழை ரோட்டில் டயரின் பிடி குறையும், கோட்டின் சரிவு குறைந்து முக்கோணம் இன்னும் நீளும். பதினெட்டு ஆகாத பையனிடம் பைக் சாவி கொடுக்கிற அப்பாமார்கள் அதையும் அதே கிராஃப் ஷீட்டில் வேறு கலரில் போட்டுப் பாருங்கள்.