விரவல்மானி: சொல்லும் பொருளும்

உப்புக் கரைசலின் மேல் தூய நீரைக் கலங்காமல் நிறுத்தி, கலக்காமலும் சூடாக்காமலும் விட்டுவைத்தாலும், உப்பு தானாகவே மேலேறி நீர் முழுவதும் சீராகும். இந்நிகழ்வை ஆங்கில வழியில் டிஃப்யூஷன் என்றும், அதன் வேகத்தை அளக்கும் கருவியை டிஃப்யூசியோமீட்டர் என்றும் வழங்குகிறோம். கருவிக்குரிய தமிழ்ச்சொல் விரவல்மானி. நெருங்கி நிற்கும் லகரமும் மகரமும் புணர்ச்சி விதிப்படி ‘விரவன்மானி’ என்றாக வேண்டும். ஆனால் சொல்லின் பகுதி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, அறிவியல் தமிழில் அதனைப் புணர்க்காமல் எழுதுவதே நல்லது.

டிஃப்யூஷன் என்பதன் வேர், ‘பல திசையாக ஊற்று’ எனப் பொருள்படும் லத்தீன் வினையாகும். இதில் ஒரு முரண் உண்டு. ஊற்றுவதும் ஓடுவதும் இந்த அளவீட்டுக்குப் பகை. சிறு வெப்ப வேறுபாட்டால் எழும் நீரோட்டம்கூட, மூலக்கூறுகளின் ஓயாத அலைவால் மட்டும் நிகழ வேண்டிய இடப்பெயர்ச்சியை மறைத்துவிடும். அடர்த்தி மிக்க கரைசலைக் கீழேயும் நீரை மேலேயும் வைப்பது இதனால்தான்.

தமிழில் இதற்குப் ‘பரவல்’, ‘விரவல்’ என இரு சொற்கள் வழங்குகின்றன. பரவல் ஒருதலையானது, ஒரு பொருள் தன் இடம் விட்டு அகல்வதை மட்டுமே சொல்லும். விரவுதலோ ஒன்றோடொன்று கலத்தல்; உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாக வரும் ‘சாத்தன்’ போன்ற பெயரை இலக்கணத்தார் விரவுப்பெயர் என்றதும் இப்பொருளில்தான். உப்பு மேலேறும்போது நீர் கீழிறங்குகிறது. கருவி தரும் எண் அவ்விரண்டின் கலப்புக்கும் உரியது. ஆகவே விரவல் என்பதே பொருந்தும் என்பது என் துணிபு. ஆஸ்மாசிஸ் எனப்படும் சவ்வூடு பரவலில் பரவல் இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே சவ்வைக் கடப்பது பெரும்பாலும் கரைப்பான் மட்டுமே.

வேதியியல் அறிஞர் தாமஸ் கிரஹாம் 1850இல் வெளியிட்ட ஆய்வில், கரைசல் நிறைந்த சிறு புட்டியைப் பெரிய நீர்ச் சாடிக்குள் வைத்து, நாட்கணக்கில் காத்திருந்து, வெளியேறிய உப்பின் அளவைக் கண்டார். அவருடைய அளவீடுகள் உப்புக்கு உப்பு வேகம் மாறுவதைக் காட்டின. ஆனால் அவற்றை ஆளும் விதியைத் தரவில்லை. அதனை 1855இல் தந்தவர், உடலியங்கியல் அறிஞரான அடால்ஃப் ஃபிக். வெப்பம் பரவுவதற்குக் கணித அறிஞர் ஃபூரியர் வகுத்த கணக்கை உப்புக்கும் பொருத்திய அவர், ஓர் அலகுப் பரப்பின் வழியே ஓர் அலகு நேரத்தில் கடக்கும் உப்பின் அளவு, அங்குள்ள செறிவுச் சரிவுக்கு, அதாவது தொலைவுக்கேற்பச் செறிவு குறையும் வீதத்துக்கு, நேர்விகிதத்தில் இருக்கும் என்றார். அந்த விகிதத்தின் மாறிலியே விரவல் குணகம். விரவல்மானி கண்டறிவது இதனைத்தான்.

சாதாரண உப்புக்கு, 25 பாகை செல்சியசில், நீர்த்த கரைசலில் இதன் மதிப்பு நொடிக்குச் சுமார் 0.000015 சதுர சென்டிமீட்டர். தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப நேரம் கூடுவதால், ஒரு சென்டிமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 9 மணி நேரமும், பத்து சென்டிமீட்டரைக் கடக்க ஐந்து வாரங்களுக்கு மேலும் ஆகும். கருவியை வடிவமைப்பவர்கள் விரவல் நிகழும் தடத்தைக் குறுக்க முயல்வது இதனால்தான்.

நுண்துளைக் கண்ணாடித் தட்டால் இரு அறைகளாகப் பிரித்த கலம் அத்தகைய ஒரு வடிவம். தட்டின் துளைகளுக்குள் மட்டும் விரவல் நடக்க, இரு புறமும் கரைசல் கிளறப்படும். துளைகளின் மெய்யான நீளத்தையும் பரப்பையும் அளவுகோல் கொண்டு அளக்க இயலாது. எனவே குணகம் முன்பே அறியப்பட்ட பொட்டாசியம் குளோரைடை முதலில் செலுத்திக் கலத்தின் மாறிலியைக் கண்டுகொள்வர். தட்டே இல்லாத முறைகளும் உள்ளன. அவற்றில் கரைசலுக்கும் நீருக்கும் இடைப்பட்ட எல்லை மங்கிவருவதை, ஒளிவிலகல் எண்ணின் மாற்றத்தால் தோன்றும் குறுக்கீட்டு வரிகளை, அதாவது ஒளியலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் எழும் ஒளி, இருள் கோடுகளைக் கொண்டு, திரவத்தைத் தொடாமலே அளந்துவிடுவர்.